வெள்ளைக் கல்லுக்கு உட்புறம்: லாவோஸின் தாழிச் சமவெளியில் நான்கு நாட்கள்

லுவாங் பிரபாங்கிலிருந்து போன்சவானுக்குச் செல்லும் மலைப்பாதையில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் வேனில் பயணம் செய்து இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. விடுதி வாசலில், நீளவாக்கில் பிளந்த ஆளுயர இரும்புக் கூடு ஒன்றைக் கிடத்தி, அதில் மண் நிரப்பி வெங்காயத்தாள் வளர்த்திருந்தார்கள். அமெரிக்க விமானம் வீசிய, சிறு குண்டுகளைச் சிதறவிடும் கொத்துக்குண்டின் மேலுறை அது. மறுநாள் காலையில் நடந்தபோது அதே உறைகள் வேலிக் கம்பங்களாகவும் நெற்களஞ்சியத்தைத் தாங்கும் கால்களாகவும் நிற்பதைக் கண்டேன். இரும்பு உறுதியாக இருப்பதால் கரையான் அரிக்கும் மரத்தைவிட இதுவே மேல் என்று எங்கள் வண்டியோட்டி சொன்னார்.

வடகிழக்கு லாவோஸின் சியங் குவாங் மாகாணத்துக்கு நான் சென்றதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அங்கே புல்வெளிகளில் நூற்றுக்கணக்கில் நிற்கும் கற்சாடிகள். ஈமச்சடங்கோடு தொடர்புடையவை என்பதால் அவற்றைத் தாழிகள் என்றே அழைக்க எனக்குத் தோன்றுகிறது. மற்றொன்று, கல்லூரி நாட்களில் படித்த சில பக்கங்கள். லாவோஸில் அமைதியை மேற்பார்வையிட அமைக்கப்பட்ட பன்னாட்டு ஆணையத்துக்கு இந்தியா தலைமை வகித்தது என்ற செய்தி அவற்றில் இருந்தது. மேற்பார்வையிடப்பட்ட அந்த நிலத்தில்தான் உலகிலேயே தலைக்கு மிக அதிகமான குண்டுகள் விழுந்தன. இவ்விரு செய்திகளும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பதை அந்த நிலத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி பிரான்ஸ் இந்தோசீனாவை விட்டு விலகியபோது அந்த ஆணையம் பிறந்தது. மேற்கு அணியிலிருந்து கனடா, கம்யூனிஸ்ட் அணியிலிருந்து போலந்து, எந்த அணியிலும் சேராத இந்தியா நடுவில். லாவோஸ் அரச குடும்பத்திலும் இதே பிளவு இருந்தது. இளவரசர் சுவன்னா பூமா நடுநிலையை நாடினார். அவருடைய தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த தம்பி சுபானுவோங், வட வியட்நாமின் துணையோடு இயங்கிய கம்யூனிஸ்ட் இயக்கமான பதேத் லாவோவின் முகமாக இருந்தார். தெற்கைச் சேர்ந்த இளவரசர் பூன் ஊம் அமெரிக்காவின் பக்கம் நின்றார். 1957இல் அண்ணனும் தம்பியும் அமைத்த கூட்டணி அரசு அடுத்த ஆண்டே கவிழ்ந்தது. 1960 ஆகஸ்டில் கோங் லே என்னும் இளம் படைத்தலைவர், லாவோ மக்கள் லாவோ மக்களையே கொல்வது போதும் என்று ஆட்சியைக் கைப்பற்றினார். அந்த ஆண்டின் இறுதிக்குள் சோவியத் விமானங்கள் அவருக்குப் படைக்கலன்களைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கின. அவரை எதிர்த்தவர்களுக்கு அமெரிக்கா கொடுத்துக்கொண்டிருந்தது. 1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி செய்தியாளர் கூட்டத்தில் லாவோஸின் வரைபடங்களை நிறுத்திவைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு ஜூலை 23 அன்று 14 நாடுகள் ஜெனீவாவில் மீண்டும் கூடி, லாவோஸ் நடுநிலை நாடு என்றும், அந்நியப் படைகள் அனைத்தும் வெளியேற வேண்டும் என்றும் கையெழுத்திட்டன.

முதல் தாழிக் களத்தில் நடந்துகொண்டிருந்தபோது என் மனத்தில் ஓடியது அந்தக் கையெழுத்துதான். முந்நூறுக்கும் மேற்பட்ட தாழிகள் அங்கே உள்ளன. இரும்புக்காலத்தைச் சேர்ந்த அவை, பாறையைக் குடைந்து செய்யப்பட்டவை. சிலவற்றின் விளிம்பு என் தலைக்கு மேல் இருந்தது. 1930களில் மடலேன் கொலானி என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இவற்றை முறையாக ஆராய்ந்தார். 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தாழிகளுக்கு இடையே, மழைநீர் தேங்கிய வட்டக் குழிகள். குண்டு விழுந்த இடங்கள் அவை. பாதையின் இருபுறமும் சிறு கற்பலகைகள் தரையில் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு பாதி வெள்ளை, மறு பாதி சிவப்பு. வெள்ளைப் பக்கத்தில் மண்ணுக்கு அடியிலும் தேடி வெடிகளை அகற்றியிருக்கிறார்கள். சிவப்புப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறார்கள். ஓர் உடைந்த தாழியைப் படமெடுக்கப் பின்னோக்கி நகர்ந்த என்னை வண்டியோட்டி கையைப் பற்றி நிறுத்தினார். என் குதிகால் சிவப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

1962 உடன்பாட்டை இரு தரப்புமே வெளிப்படையாக மீறவில்லை என்பதுதான் இந்த நிலத்தின் துயரத்துக்கு வேர் என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவின் இராணுவ ஆலோசகர்கள் சோதனைச் சாவடிகள் வழியாக வெளியேறினார்கள். வட வியட்நாமியரில் 40 பேர் மட்டுமே அப்படிக் கணக்கில் வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் தங்கிவிட்டார்கள், ஏனெனில் தெற்கு வியட்நாமுக்கு ஆளும் ஆயுதமும் கொண்டுசெல்லும் ஹோ சி மின் பாதை லாவோஸின் காடுகள் வழியாகவே சென்றது. அமெரிக்காவும் திரும்பி வந்தது, ஆனால் சீருடை அணியாமல். மத்திய உளவு நிறுவனமான சிஐஏ, வாங் பாவ் என்னும் தளபதியின் கீழ் மலைவாழ் ஹ்மோங் மக்களைக் கொண்டு ஒரு படையைத் திரட்டியது. லோங் சியெங் என்ற பள்ளத்தாக்கில் விமான ஓடுதளம் அமைத்து, ஒரு நகரமே வளர்ந்தும் அது வரைபடத்தில் இல்லை. ஆள் குறைந்தபோது பதின்வயதுச் சிறுவர்கள் சுமக்கத் தொடங்கினார்கள் துப்பாக்கியை. நடுநிலை என்று கையெழுத்திட்ட நாட்டில் போர் நடப்பதை ஒப்புக்கொள்ள முடியாததால், அந்தப் போரைக் கேள்வி கேட்கவும் யாராலும் முடியவில்லை.

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. ஒன்பது ஆண்டுகள், இரவு பகலாக, சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் ஏறத்தாழ 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன. டென்னிஸ் பந்து அளவுள்ள இவற்றை இங்குள்ளவர்கள் ‘பொம்பி’ என்கிறார்கள். பந்து என்று எண்ணிக் குழந்தைகள் கையில் எடுப்பது இன்றும் நடக்கிறது.

இத்தனைக்கும் இடையில் நம் நாடு தலைமை வகித்த ஆணையம் லாவோஸின் தலைநகரான வியன்டியானில் இருந்தது. முக்கியமான முடிவுகளுக்கு மூன்று நாடுகளின் ஒப்புதலும் தேவை. கனடாவும் போலந்தும் அரிதாகவே ஒத்துப்போயின. பதேத் லாவோவின் பகுதிக்குள் செல்ல அனுமதி கிடைப்பதும் அரிது. 1965 அக்டோபர் 18 அன்று வியன்டியானிலிருந்து ஹனோய்க்குப் புறப்பட்ட ஆணையத்தின் விமானம் 13 பேரோடு காணாமற்போனது. அவர்களில் இந்தியர்களும் இருந்தனர். அந்த விமானம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அவர்கள் எந்த மலையில் கிடக்கிறார்களோ என்ற எண்ணம், அந்த நான்கு நாட்களும் மேகம் மூடிய சிகரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வந்தது. கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, கண்டதைச் சொல்லும் அதிகாரம் இல்லாமல் பணியாற்றியவர்கள் அவர்கள். நம் பாடநூல்களில் அணிசேராமையைப் பற்றிப் பல பக்கங்கள் உண்டு. இவர்களுக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் முவாங் கூன் சென்றோம். மாகாணத்தின் பழைய தலைநகர் அது. குண்டுவீச்சில் அழிந்ததால்தான் போரின் பின் போன்சவானைத் தலைநகராக்கினார்கள். வாட் பியா வாட் கோயிலில் கூரையும் சுவரும் இல்லை. சில செங்கல் தூண்களுக்கு நடுவே, தீயில் கருகிச் சிதைந்த முகத்தோடு பெரிய புத்தர் அமர்ந்திருக்கிறார். தோளில் செம்மஞ்சள் துணி புதிதாகச் சாத்தப்பட்டிருந்தது. காலடியில் பசைச்சோறும் சாமந்தியும் இருந்தன. பக்கத்திலேயே புதிய கோயில் இருந்தும் மக்கள் இங்கே வருவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் தாம் பியூ குகை. அதைப் பற்றி எழுத ஒரு தேதியை முதலில் சொல்ல வேண்டும். 1968 நவம்பர் 1 முதல் வட வியட்நாமின் மீது குண்டு வீசுவதை அமெரிக்கா நிறுத்தியது. உலகம் அதை அமைதியை நோக்கிய அடியாக வரவேற்றது. வேலையில்லாமற்போன விமானங்கள் லாவோஸின் பக்கம் திருப்பப்பட்டன. அதே மாதம் 24ஆம் நாள், மக்கள் ஒளிந்திருந்த இந்தக் குகைக்குள் விமானத்திலிருந்து ஏவப்பட்ட ராக்கெட் பாய்ந்தது. இறந்தவர்கள் 374 பேர் என்கிறது அங்குள்ள நினைவிடம். இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு மனிதரின் சிலையைக் கடந்து படிகளில் ஏறினால், புகையேறிய கூரையும் நொறுங்கிய கற்களும் தவிர உள்ளே எதுவும் இல்லை. யாரோ சில கற்களை அடுக்கி ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். கீழே இறங்கும் வரை நாங்கள் பேசவில்லை. எங்கள் வண்டியோட்டி ஹ்மோங் இனத்தவர். அவருடைய பெரியப்பா வாங் பாவின் படையில் இருந்தவர், பதேத் லாவோ ஆட்சியைப் பிடித்த 1975இல் மெக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பியவர். மாமியார் குடும்பமோ பதேத் லாவோ பகுதியில் குகைகளில் வாழ்ந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று மட்டும் சொன்னார்.

கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2010இல் நடைமுறைக்கு வந்தது. அதன் உறுப்பு நாடுகளின் முதல் மாநாடு வியன்டியானில் கூடியது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இடவில்லை. இதை அந்த ஊரில் வைத்து நினைத்துப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

கடைசி நாள் பிற்பகல், ஒரு நெல்வயலின் ஓரத்தில் வெடி அகற்றும் குழுவை, அவர்கள் காட்டிய தொலைவில் நின்று பார்த்தேன். குழுவில் பெரும்பாலோர் பெண்கள். கயிறு கட்டிப் பிரித்த குறுகிய கீற்றுகளில், கருவியைத் தரையோடு தரையாக அசைத்து, ஒலி எழும் இடத்தில் மண்டியிட்டுக் கையளவு மண்ணாக விலக்கினார்கள். பல நேரங்களில் கிடைப்பது ஆணியோ தகரத் துண்டோதான். அன்று இரண்டு பொம்பிகள் கிடைத்தன. அந்தியில் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்து, சாலையின் இருபுறமும் ஆட்களை நிறுத்தி, கிடந்த இடத்திலேயே வெடிக்கச் செய்தார்கள். சத்தம் நெஞ்சில் அடித்தது. வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் தலை நிமிரவில்லை. புகை கலைந்ததும் இரண்டு பெண்கள் மறுநாளைக்கான கீற்றுக்குக் கயிறு கட்டச் சென்றார்கள்.