நான்கு பேர் சேர்ந்து இழுத்தால்தான் திறக்கும் கூரை

இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டத்தை ஒருவழியாக ஒப்படைத்து, வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சையும் முடிந்துவிட்டது. மெய்நிகர் உலகுக்குள் ஆட்கள் வந்து கைவைத்தால் மாறுகிற ஒரு கட்டடம்தான் நான் எடுத்த தலைப்பு. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் செய்ய நினைக்கிற அடுத்த பட்ச் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளும் மாடலிங்கும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் எனக்குப் பெரிய இடைஞ்சல் வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்தது.

உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். பின்னோக்கி நடந்து மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி அலைக்கரைக்கு வந்து முன்னால் பிடிப்பார். வலை நெருங்க நெருங்க இரண்டு வரிசையும் ஒன்றை ஒன்று நெருங்கும். கொஞ்ச நேரத்துக்கு அந்த மணலில் ஆட்களே ஒரு மண்டபமாக நிற்பார்கள். அதைத்தான் கட்டடமாக்க நினைத்தேன். இரண்டு பக்கமும் கயிறு, மேலே வலை மாதிரி ஒரு கூரை. ஒருவர் மட்டும் இழுத்தால் கயிறு அதிரும், அவ்வளவுதான். நான்கு பேர் சேர்ந்தால் கூரை எழும்பும், கடல் வெளிச்சம் உள்ளே வரும். ரெண்டர் படத்தில் இதைக் காட்ட முடியாது. ஒரே நேரத்தில் பலர் உள்ளே இருக்கக்கூடிய உலகம் வேண்டும்.

அப்படி யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது 2003இலிருந்து இயங்கும் செகண்ட் லைஃப். கணக்கு இலவசம், பிரிம் என்கிற அடிப்படைக் கட்டைகளை வைத்துப் சாண்ட்பொக்ஸ் என்கிற பொதுப் பயிற்சி நிலத்தில் எவரும் கட்டலாம். ஆனால் அங்கே வைத்தது குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாகவே உங்கள் பெட்டிக்குத் திரும்பி வந்துவிடும். பிளெண்டரில் செய்த மெஷ்ஷை, அதாவது முப்பரிமாண உருவத்தை, ஏற்றுவதென்றால் கணக்கில் பணம் செலுத்தும் விவரம் இருக்க வேண்டும், காப்புரிமை பற்றிய ஒரு சிறு வினாத்தாளையும் முடிக்க வேண்டும். வினாத்தாள் சுகம். பணம் செலுத்தும் விவரத்துக்குத்தான் வங்கிக்கு அலைந்தேன்.

கவுண்டரில் இருந்தவர், "ஒன்லைன் ஓன் பண்ணியாச்சு தங்கச்சி, இனி வேலை செய்யும்" என்றார். வீட்டுக்கு வந்து போட்டால் கார்ட் நிராகரிக்கப்பட்டது. மறுபடி போனால், அது உள்நாட்டுக் கொடுப்பனவுக்கு மட்டுமாம், வெளிநாட்டு நாணயத்துக்கு வேறு படிவமாம். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில், மெய்நிகர் உலகில் காணி வாடகைக்கு எடுத்துக் கட்டடம் ஏற்றப் போவதாக உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'காணி' என்ற சொல்லைக் கண்டதும் அவர் அதை மேலதிகாரியின் மேசைக்கு அனுப்பினார். மேலதிகாரி அன்று லீவு. உங்களுக்குச் சொல்கிறேன்: 'மென்பொருள் சேவைக் கட்டணம்' என்று மட்டும் எழுதுங்கள். அதுவும் உண்மைதான், யாரும் குழம்பமாட்டார்கள்.

படிவம் திரும்பி வரும்வரை காத்திருந்தால் தவணை முடிந்துவிடும். அதனால் ஓபன்சிமுலேட்டருக்கு மாறினேன். 2007இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. சொந்த லப்டொப்பிலேயே உலகத்தை ஓடவிடலாம், ஏற்றுவதற்குக் காசு இல்லை, உள்ளே போய்ப் பார்க்க ஃபயர்ஸ்டோர்ம் என்கிற வியூவர் மென்பொருளே போதும். நிறுவுவது ஒரு மாலை வேலை. பரப்பு வழக்கமான 256க்கு 256 மீட்டர். கடற்கரையோடு சேர்த்து என் கூடத்துக்கு அது தாராளம்.

அப்புறம் கேமராச் சண்டை வந்தது. என் கூடத்துக்காக, கரையில் மீனவர் போடும் ஓலைக் கொட்டிலான வாடி ஒன்றைப் போய் அளந்து, இறவாரத்தின் (கூரை விளிம்பின்) உயரத்தை அப்படியே எடுத்திருந்தேன். உள்ளே போகிறவர் குனிந்துதான் போக வேண்டும், வாடியின் குணமே அதுதான். ஆனால் இந்த உலகங்களில் பார்வை வழக்கமாக அவதாரின், அதாவது உள்ளே நமக்காக நடமாடும் உருவத்தின், கண்ணில் இருக்காது. தலைக்குப் பின்னால், கொஞ்சம் மேலே மிதக்கும். தாழ்ந்த கூரைக்குள் நுழைந்தால் கேமரா ஓலையைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். அங்கே கட்டுகிறவர்கள் பலர் இதற்காகவே அறைகளை நிஜ அளவை விடப் பெரிதாகக் கட்டுகிறார்கள். என் மேற்பார்வையாளரும், "எல்லாத்தையும் ஒன்றரை மடங்கு பெருப்பியுங்கோ" என்றார். எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை மடங்கு வாடி ஒரு கிட்டங்கி. அது வாடி இல்லை.

வழி கிடைத்தது இருக்கையில். இந்த உலகங்களில் பொருட்களை இயக்க எழுதும் எல்எஸ்எல் ஸ்கிரிப்டில் கேமரா ஐ ஆஃப்செட், கேமரா அட் ஆஃப்செட் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. ஒரு பொருளின்மேல் அவதார் உட்கார்ந்தால், பார்வை எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். கயிற்றையே இருக்கையாக்கினேன். உட்கார்ந்ததும் அவதார் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாயும், கேமரா தோளுக்குக் கீழே இறங்கும், இறவாரம் நெற்றிக்கு நேரே வந்து நிற்கும். அளவில் ஒரு அங்குலம்கூட மாற்றவில்லை. மேற்பார்வையாளர் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதற்குப் பிறகு ஒன்றரை மடங்குப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு கவனம்: எண்களை மாற்றினால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் மாறாது. எழும்பி மறுபடி உட்கார வேண்டும். இது தெரியாவிட்டால் ஸ்கிரிப்டில் பிழை தேடியே இரவு விடிந்துவிடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஒரு பொருளில் உட்கார்ந்ததும், அந்த உலகம் அவரை அந்தப் பொருளின் இன்னொரு துண்டாகவே எண்ணும். கயிறு ஆறு துண்டு என்றால், இரண்டு பேர் பிடித்ததும் எட்டு. எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதை ஸ்கிரிப்ட் இப்படித்தான் கணக்கெடுக்கிறது. வந்தவர் கட்டடத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறார். நான் சொல்ல நினைத்ததை அந்த மென்பொருள் தன் கணக்கிலேயே வைத்திருந்தது.

வாடிக்காரச் சம்மாட்டி (கரைவலை முதலாளி) ஐயாவிடம் லப்டொப்பில் காட்டியபோது நீண்ட நேரம் பார்த்தார். "எல்லாம் சரி மகள், அம்பா எங்க? பாட்டு இல்லாமல் எப்படி ஒண்டா இழுக்கிறது?" என்று கேட்டார். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதாது, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டின் அடிக்கு நான்கு பேரும் சேர்ந்து கிளிக் செய்தால்தான் கூரை ஒரு படி எழும்ப வேண்டும் என்று மாற்றினேன். பாட்டை அவரே பாடித் தந்தார், சிறு துண்டுகளாக வெட்டி ஏற்றினேன். நம்முடைய இணைப்பில் ஒருவரின் கிளிக் மற்றவருடையதை விடப் பிந்தித்தான் வந்து சேரும். ஆகவே 'ஒரே நேரம்' என்பதற்கு ஒரு முழு வினாடியாவது இடம் விடுங்கள். இல்லாவிட்டால் மெதுவான இணைப்புள்ளவர் என்றைக்கும் குழப்பக்காரராகவே தெரிவார்.

வாசல் வளைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெஷ் வளைவைப் பொருத்திவிட்டு நடந்தால் அவதார் வெறும் காற்றில் முட்டி நிற்கும். கண்ணுக்கு வழி திறந்திருக்கும், உடம்புக்கு மூடியிருக்கும். மோதலைத் தீர்மானிக்கும் ஃபிசிக்ஸ் ஷேப் 'கொன்வெக்ஸ் ஹல்' என்று இருந்தால் வளைவின் ஓட்டையையும் நிரப்பித்தான் மோதல் உருவம் அமையும். அதைப் 'பிரிம்' என்று மாற்றுங்கள். ஏற்றும்போதே மோதலுக்கென்று எளிமையான ஒரு தனி மெஷ்ஷையும் கொடுங்கள். வளைவு வைக்கிற எல்லோரும் இதில் மாட்டுவார்கள்.

கடைசியில் பரீட்சகர்களை உள்ளே கொண்டுவர வேண்டும். ஓபன்சிமுலேட்டர் வழக்கமாக 9000ஆம் போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசலில்) ஓடும். கணினிக்கூட ஃபயர்வோல் அதை விடவில்லை. அங்குள்ள தொழில்நுட்ப அலுவலர் கடிதம் கேட்டார். கடிதத்தோடு போனால் துறைத்தலைவரின் முத்திரை இல்லை என்றார். முத்திரையோடு போனால் அறை பூட்டியிருந்தது. சரி, வீட்டிலிருந்தே இணைப்புக் கொடுப்போம் என்று பார்த்தால், மொபைல் இணைப்பு ரவுட்டருக்குப் பொது ஐபி முகவரியே இல்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் வான் (WAN) ஐபி, அதாவது வெளி இணைப்பு முகவரி, 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் போர்ட் திறந்து பயனில்லை, அதில் மினக்கெட வேண்டாம்.

வீட்டு ரவுட்டரையே கழற்றி வைவா அறைக்குக் கொண்டுபோனேன். இணையமே தேவைப்படவில்லை. என் லப்டொப்பில் உலகம், நண்பிகளின் லப்டொப்களில் வியூவர், எல்லாம் ஒரே வைஃபையில். ஓபன்சிமுலேட்டரில் நிலத்தின் அமைப்பு இருக்கும் ரீஜன் கோப்பில் வெளி முகவரி இருக்கும் இடத்தில் அந்த வைஃபை தந்த ஐபியை எழுதினால் வேலை முடிந்தது. கிளம்புமுன் 'சேவ் ஓஏஆர்' கட்டளையால் முழு நிலத்தையும் ஒரே கோப்பாகப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

பரீட்சகர்கள் மூவர்தான் இருந்தார்கள், கூரைக்கு நான்கு பேர் வேண்டும். கடிதம் கேட்ட அதே அலுவலரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முதல் சில இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்களில் ஒருவர் அம்பாவுக்குத் தலையாட்டத் தொடங்கினார், கூரை எழும்பியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் புள்ளித்தாளில் நிலம், தளவரைபடம், கட்டமைப்பு, முன்வைப்பு என்று பத்திகள் இருந்தன. ஊடாட்டத்துக்கு ஒரு பத்தியும் இல்லை. ஸ்கிரிப்டும் பாட்டும் நான்கு பேரின் இழுப்பும் 'முன்வைப்பு' என்பதற்குள் போய்விட்டன. ஏ1 தாள்களில் அச்சடித்த படங்களுக்கும் அதே பத்திதான். அடுத்த பட்சுக்காவது தனிப் பத்தி வேண்டும் என்று துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் தலைப்பைப் பதிவு செய்யும்போதே புள்ளித்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பத்தி இல்லாவிட்டால் அப்போதே எழுதிக் கேளுங்கள்.