கை போய் நிற்கும் நேரம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஐ.இ. (தொழிற்பொறியியல்) வேலை என்றால் பாதி நாள் ஸ்டாப்வாட்சோடு லைனில் நிற்க வேண்டும். பீஸை எடுக்க, ஊசிக்குக் கீழே வைக்க, தைக்க, நூல் வெட்டிப் போட என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்து, அதிலிருந்து சாம் (ஒரு பீஸுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு) போட்டு, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் எழுதுவோம். கை போகிற தூரத்தை எல்லோரும் கவனிப்பார்கள். பண்டலைக் கிட்டே வை, டேபிளை நகர்த்து என்பார்கள். கை போய்ச் சேர வேண்டிய இடம் எவ்வளவு சின்னது என்பதை அநேகமாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் பாட்டம் ஹெம்முக்கு (கீழ் ஓர மடிப்புக்கு) மேலே சின்னதாக ஒரு துணி லேபிள் வைத்துத் தைக்க வேண்டும். இடம் 6 மில்லிமீட்டர் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்றிருந்ததை, பையர் அடுத்த ஆர்டரில் 3 ஆகக் குறைத்துவிட்டார். மெஷின், ஆள், துணி எதுவும் மாறவில்லை. டார்கெட்டையும் யாரும் மாற்றவில்லை. செக்கிங்கிலிருந்து ஆல்டரேஷன் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்கள்) குவிய ஆரம்பித்தது. சூப்பர்வைசர் "வேகமா வையுங்க, கரெக்டா வையுங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த மெஷினில் இருந்த அக்கா என்னிடம் சொன்னார்: "கை போறதுக்கு நேரமே ஆகலீங்க சார். போய் நிக்கறதுக்குத்தான் நேரமாகுதுங்க."

இதை அளந்து காட்டியவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், 1954இல். இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறிக் குச்சியால் தட்டச் சொன்னார்; தகடுகளின் இடைவெளியையும் அகலத்தையும் மாற்றி மாற்றி நேரம் பிடித்தார். 16 அங்குலம் தள்ளியிருக்கும் 2 அங்குல அகலத் தகட்டைத் தட்ட சுமார் 0.39 நொடி. 2 அங்குலம் மட்டுமே தள்ளியிருக்கும் கால் அங்குலத் தகட்டுக்கும் ஏறக்குறைய அதே 0.39 நொடி! தூரம் எட்டில் ஒன்றாகியும் நேரம் மிஞ்சவில்லை, ஏனென்றால் அகலமும் எட்டில் ஒன்றாகிவிட்டது. இலக்கைப் பாதியாக்கினால், தூரத்தை இரண்டு மடங்காக்கியதற்குச் சமமான கஷ்டம் கூடுகிறது. எங்கள் லேபிளில் நடந்தது இதுதான். டேபிளை இரண்டு மடங்கு தள்ளிப் போட்டிருந்தால் மேனேஜர் முதல் நாளே சத்தம் போட்டிருப்பார். டாலரன்ஸை, அதாவது முன்னே பின்னே இருக்கலாம் என்ற அளவை, பாதியாக்கியது யார் கண்ணிலும் படவில்லை.

உலோகத் தகடு அசையாது. பனியன் துணி இழுபடும், ஓரம் சுருளும், அதனால் எங்கள் லைனில் கஷ்டம் இன்னும் கூடத்தான் இருக்கும். ஆனால் காரணம் ஒன்றே. 1899லேயே உட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பார்த்திருக்கிறார். கை முதலில் ஒரே வீச்சில் இலக்குக்குப் பக்கத்தில் போகிறது. அப்புறம் கண் பார்த்துத் திருத்துகிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் திருத்த நேரமில்லை. கண்ணைத் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பிழை கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அனுபவமுள்ள டெய்லரின் முதல் வீச்சே கிட்டத்தில் போய் விழும், அதனால் அவருக்குத் திருத்தம் குறைவு. அவருக்கும் சின்ன இலக்கு பெரிய இலக்கைவிட நேரம் பிடிக்கத்தான் செய்யும். ஆல்டரேஷன் வந்தவுடன் "கவனம் இல்லை" என்று ஆளைத் திட்டுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. நேரத்தைக் கொடுக்காமல் துல்லியத்தை மட்டும் எப்படிக் கேட்பது?

வேலை அளவை முறைகளுக்கு இது புதிதில்லை. 1948இல் வெளியான, கை அசைவுகளுக்கு நேரம் குறிக்கும் எம்.டி.எம். அட்டவணையில் ஒரு பொருளை இன்னொன்றில் பொருத்துவதற்குத் தளர்வு, நெருக்கம், இறுக்கம் என மூன்று நிலைகள் உண்டு. கையாள எளிதான, எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்துகிற பொருளுக்கு அவை 5.6, 16.2, 43 அலகுகள். ஓர் அலகு 0.036 நொடி. அதாவது தளர்வாகப் பொருத்த 0.2 நொடி, இறுக்கமாகப் பொருத்த 1.5 நொடி. அட்டவணையில் இருப்பது டார்கெட் போர்டுக்கு வந்து சேர்வதில்லை, அதுதான் வருத்தம்.

லேபிளுக்கு முதலில் லேசர் லைட் போட்டுப் பார்த்தோம். இடம் தெளிவாகத் தெரிந்தது, நேரம் பெரிதாகக் குறையவில்லை. லைட் இலக்கைக் காட்டுமே தவிர அகலமாக்காது. பிறகு மெக்கானிக் மெஷின் பெட்டில் ஒரு சின்ன ஸ்டீல் தடுப்பைப் பொருத்தினார். ஹெம் ஓரத்தை அதில் முட்டும்வரை தள்ளினால் போதும், கை மேலே ஓடிப்போக வழியில்லை. அக்காவின் கண் அந்தத் திருத்தத்திலிருந்து விடுபட்டது. ஆல்டரேஷன் குறைந்தது, வேகமும் தானாகத் திரும்பியது.

இப்போது என் ஆப்பரேஷன் ஷீட்டில் டாலரன்ஸுக்குத் தனிக் கட்டம் உண்டு. பையர் அளவை இறுக்கினால், விலை பேசும் முன்பே மெர்ச்சண்டைசரிடம் போய்விடுவேன்: சாமை ஏற்றுங்கள், அல்லது அந்தத் தடுப்பு மாதிரி கைடு செய்ய மெக்கானிக்குக்கு நாள் கொடுங்கள்.