பட்டியலில் நம் எண் இல்லாத வாரத்தில் வேதம் வாசிப்பது எப்படி?

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. முடிவு வெளியான ஞாயிறன்று ஆராதனையில் யாராவது சாட்சி சொல்ல எழுந்திருப்பார்: "ஆண்டவர் எனக்கு வேலை கொடுத்தார்." சபையே அல்லேலூயா என்னும். அப்படியானால் எனக்கு? குரூப் 2 முதல்நிலைத் தேர்வின் பட்டியலில் என் பதிவெண்ணைக் காணாமல் போய் உட்கார்ந்திருந்த ஞாயிறு முழுக்க எனக்கு இதே கேள்விதான். புத்தாண்டு இரவு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென்று எடுத்த வாக்குத்தத்த அட்டை (வேத வசனம் அச்சிட்ட சீட்டு) வேறு, 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று பொருளாதாரப் புத்தகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அட்டையைக் கிழிக்க வேண்டாம், சில நாள் மூடி வையுங்கள். அதிலுள்ள வசனம் வரும் உபாகமம் 28, இஸ்ரவேல் ஜனம் முழுவதோடும் கடவுள் செய்த உடன்படிக்கையைப் பேசுகிறது. கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு அதை ஜாமீனாக வைக்க முடியாது.

முதலில் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டிலேயே 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்டாகிவிடுகிறது. 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று கடவுளிடமே முறையிடும் இந்தப் பாட்டு, பாடகர்களை நடத்தும் இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டு ஆராதனையில் இடம்பிடித்தது. வாய்விட்டு வாசியுங்கள். 'உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்ற ஐந்தாம் வசனம் வாயில் வர மறுத்தால் அன்றைக்கு நான்கோடு நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரை தேறாமலேயே முடிகிறது. அதையும் ஜெபமென்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

பிறகு புலம்பல் மூன்றாம் அதிகாரம். 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை' என்ற 22ஆம் வசனத்தைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அங்கே தாவிவிடாமல் முதல் வசனத்திலிருந்து வாருங்கள். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்து கிடக்கிறது. தன் ஜெபத்துக்கே வழியைக் கடவுள் அடைத்துவிட்டார் என்று எட்டாம் வசனத்தில் கசந்து சொன்ன அதே வாய்தான் 22ஐயும் சொல்கிறது. இடையில் ஒரு மதில்கூடத் திரும்பக் கட்டப்படவில்லை. என்னைத் தேற்றியது இதுதான்: அந்த அன்பு, நிலைமை சீரான பிறகு கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

இதற்கிடையே உடம்பையும் பார்க்க வேண்டும். 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்கிறான். வந்த தூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. எழுந்து சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தவனை இன்னொரு முறை எழுப்பி ஊட்டுகிற கரிசனம் அது. எங்கள் வீட்டிலும் அம்மா ஒன்றும் கேட்காமல் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது தோசைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. முதல் வாரத்தில் உபவாசம் வேண்டாம், கால அட்டவணையும் வேண்டாம். தூங்குங்கள்.

பேச ஆள் தேடும்போது, எல்லாம் இழந்து கிடந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்களை நினைவில் வையுங்கள். ஏழு நாள் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. பேசாமல் உடனிருக்கத் தெரிந்த ஒருவர் போதும். சாகலாம் என்ற எண்ணம் விடாமல் வந்தால், தமிழகத்தில் 104 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அது விசுவாசக் குறைவு என்று சபையில் யாராவது சொன்னால், எலியாவின் அதிகாரத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.