ஒன்றரை மாத மூச்சு

2011இலிருந்து ஆறு வருடம் என் வேலை பேப்பர் மாற்றுவது. கேட்டால் சிரிப்பார்கள். ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தின் அடையாள அட்டையில் களப்பணியாளர் என்று பெரிதாகப் போட்டிருந்தது. வேலை என்னவோ, வடசென்னையில் யாருடைய மொட்டை மாடியிலாவது நிற்கும் தூசி மெஷினில் காலை ஆறு மணிக்கு ஒரு ஃபில்டர் பேப்பரை வைப்பது, மதியம் இரண்டு மணிக்கு அதை எடுத்துவிட்டு இன்னொன்று வைப்பது, இரவு பத்துக்கு மூன்றாவது. மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று வண்டியில் சுற்றுவேன். மழையென்றால் லீவு, அந்த ஒரு சுகம் உண்டு.

பேப்பர் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் குட்டை. கண்ணாடி இழையில் செய்தது, பால் வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஈரப்பதம் போக டெசிகேட்டரில் ஒரு நாள் வைத்து, எடை பார்த்து, உறையில் போட்டுக் கொடுப்பார்கள். ஓரத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். வியர்வைக் கையால் நடுவில் தொட்டால் அந்த எடையும் கணக்கில் ஏறிவிடும்.

மெஷின் என்பது வீட்டுக் கூரை மாதிரி மூடி வைத்த ஓர் அலுமினியப் பெட்டி. ஓடவிட்டால் மிக்ஸியை நிறுத்தாமல் போட்டதுபோல் சத்தம். நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கும். உள்ளே இருக்கும் சைக்ளோன் பெரிய தூசியைச் சுழற்றி ஒரு கப்பில் தள்ளிவிடும். பத்து மைக்ரானுக்குக் குறைந்த தூசிதான் மேலே போய்ப் பேப்பரில் படியும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "கப்புல விழுறது மூக்கும் தொண்டையும் புடிச்சுக்குற சரக்கு, பேப்பர்ல ஒட்டுறது அதையும் தாண்டி உள்ள போற சரக்கு" என்று முதல் நாள் சீனியர் சொன்னார். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஒருநாள் மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். எட்டு மணி நேரத்துக்கு 528 கன மீட்டர். ஓர் ஆள் ஒரு நாளில் மூச்சாக இழுப்பது சுமாராகப் பத்துப் பன்னிரண்டு கன மீட்டர். அப்படியென்றால் மெஷின் ஒரு ஷிஃப்டில் குடிப்பது ஒரு மனிதனின் ஒன்றரை மாத மூச்சு. நம் நாட்டில் இந்தத் தூசிக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். காற்று சரியாக அந்த வரம்பிலேயே இருந்தால் பேப்பரின் எடை 53 மில்லிகிராம் கூடும். மூன்று அரிசி மணி இருக்குமா? இவ்வளவுதானா என்றுதான் எனக்கும் தோன்றியது. மூன்று அரிசியா ஆளைச் சாய்க்கும்?

விஷயம் எடையில் இல்லை என்று புரிய நாளாயிற்று. அந்த மூன்று அரிசியில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த பங்கு ஒன்று உண்டு, தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாதது. அதற்குத் தனி மெஷின், தனிப் பேப்பர், உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். அந்தத் துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும், கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் கெட்ட காற்று இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வெளிக்காற்று மாசையே புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில், புகையிலைப் புகை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. அந்தச் செய்தியை நான் படித்தது திருவொற்றியூரில் ஒரு மாடியில், கன்டெய்னர் லாரிகள் கீழே வரிசை கட்டி உறுமிக்கொண்டிருந்த நேரத்தில்.

பேப்பரின் நிறத்தைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லும் அளவுக்குக் கண் பழகிவிட்டது. லாரி நெரிசல் பக்கம் வைத்தது அடுப்புக்கரி தடவியதுபோல் கறுப்பு, அதில் டீசல் புகைதான் அதிகம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளங்கள் பக்கம் வைத்தது வெளிர்சாம்பல், விபூதி மாதிரி மழமழவென்று இருக்கும். ஆனால் நாற்றம் பேப்பரில் ஒட்டாது. மணலியில் சில இரவுகளில் கண் எரியும், அழுகிய முட்டை வாடை குடலைப் பிரட்டும். காலையில் பேப்பரை எடுத்துப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த இரவு என் மெஷின் அங்கே இருந்திருந்தாலும் பேப்பர் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு வீட்டு மாடியில் ஆறேழு மாதம் வேலை. கீழ்ப்போர்ஷனில் ஓர் ஆயா. முதல் நாளே கேட்டது: "இன்னா தம்பி, காத்த சுத்தம் பண்ற மிஷினா?"

"இல்ல ஆயா, காத்துல தூசி எவ்ளோ இருக்குன்னு அளக்கும்."

"அளந்து?"

"ரிப்போர்ட் போவும்."

"எங்க?"

ஆபீசுக்கு என்றேன். ஆயா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாடியில் வடாம் காயப்போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்றாம். துணியைச் சாயங்காலத்துக்குமுன் எடுத்துவிட வேண்டுமாம். காற்று எந்தப் பக்கம் திரும்பினால் பேரனுக்கு வீசிங் வரும் என்றுகூடச் சொல்லும். பையனுக்கு நெபுலைசர் வைக்க மாதத்தில் இரண்டு தடவையாவது ஆட்டோ பிடிப்பார்கள். "பேப்பர்ல இன்னா வந்துது?" என்று அவ்வப்போது கேட்கும். எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கும். உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. நான் எடுத்துப்போன பேப்பர் ஒன்றின் கணக்குகூட அந்தத் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை.

கருவி வைக்க விதி உண்டு. தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் மரம், சுவர் மறைக்கக் கூடாது. ஊரின் பொதுவான காற்றை அளக்க அது சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆயாவின் பேரன் மூச்சு விடுவது மூன்றடி உயரத்தில், லாரியின் சைலன்சர் இருக்கும் மட்டத்தில். போதாததற்கு நாங்கள் எழுதுவது சராசரி. விடியற்காலை இரண்டு மணி நேரம் மூச்சு முட்டினாலும், மதியம் கடற்காற்று வந்து துடைத்துவிட்டால், நாள் கணக்கில் எல்லாம் நலமே என்று வரும். சராசரியை வைத்து யாரும் இருமுவதில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ராத்திரி ஷிஃப்டில் மின்சாரம் போய் மெஷின் ஐந்து மணி நேரம்தான் ஓடியது. டைமரில் தெளிவாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷமாக எட்டு என்று எழுதிவிட்டேன். படிந்த தூசியைக் காற்றின் அளவால் வகுப்பதுதான் கணக்கு. நேரம் கூடினால் காற்று கூடும், மாசு குறையும். ஒரே ஓர் எண்ணில் அந்தத் தெருக் காற்றை முப்பத்தேழு சதவீதம் சுத்தம் பண்ணிவிட்டேன். மூன்றாம் நாள் நினைவு வந்து போய்ச் சொன்னால், ஆய்வுக்கூடத்தில் ஒருவர், "லிமிட்டுக்குள்ளதான வந்திருக்கு, விடுப்பா" என்றார். விட்டேன். கூடுதலாக வந்திருந்தால் அப்படி விட்டிருப்பார்களா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

2017இல், எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடிய அதே வருடம், நானும் அந்த வேலையை விட்டேன். இப்போது கட்டுமானக் கம்பெனி ஒன்றில் பாதுகாப்புப் பிரிவு. தூசி கிளப்புகிற கட்சிக்கு மாறிவிட்டேன் என்றும் சொல்லலாம். வீடு சென்னைக்குத் தெற்கே, பம்மலில். புரோக்கர் சொன்னது, "நல்ல காத்தோட்டம் சார், இது வடசென்னை இல்ல." தாம்பரம் பக்கம் என்றாலே நல்ல காற்று என்பது ஊருக்குள் பழைய நம்பிக்கை. 1928இல் காசநோய்க்கென்று ஒரு சானடோரியத்தை டாக்டர் சௌரி முத்து கட்டத் தேர்ந்தெடுத்த இடம் அது, மலையடிவாரத்துச் சுத்தமான காற்றுக்காக. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று அந்த நிலையத்தில் இறங்கி ஜிஎஸ்டி சாலையைக் கடப்பவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள்.

பம்மலில் மணலி நாற்றம் இல்லை, உண்மைதான். இங்கே எல்லாம் சில்லறைச் சில்லறையாக வருகிறது. குன்றத்தூர் சாலையில் தார்ப்பாய் மூடாமல் போகும் ஜல்லி டிப்பர், அது சிந்திய எம்-சாண்டை மறுபடி கிளப்பும் பேருந்து, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடி மண்ணாகவே விட்ட தெரு, தெருமுனையில் பாலிதீனோடு எரியும் குப்பை. புகைபோக்கி இருந்தால் அதைக் காட்டியாவது திட்டலாம். இங்கே யாரைக் காட்டுவது? குப்பையைக் கொளுத்துபவர் எனக்குத் தினமும் வணக்கம் வைப்பவர்.

மகளுக்கு ஏழு வயதில் வீசிங் ஆரம்பித்தது. மார்கழி, தை இரண்டு மாதமும் விடாது. "பனி ஒத்துக்கல", "தயிர் குடுக்காதீங்க", "வாழைப்பழத்த நிறுத்துங்க" என்று ஆளுக்கொரு வைத்தியம். அம்மா காதைச் சுற்றித் துணி கட்டிவிட்டார். டாக்டர் வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா, நாய் பூனை இருக்கிறதா என்று கேட்டார். நல்ல கேள்விகள். வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பாவம், பனி. அந்த மாதங்களில் காலைக் காற்று அசையாது, குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடும், இரவெல்லாம் கிளம்பிய புகையும் அதோடு கீழேயே படுத்துக் கிடக்கும். போகிக்கு டயர் கொளுத்தினால் கேட்கவே வேண்டாம். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றும் பக்கத்து வீட்டில் என்னிடம் சொன்னது, "இந்த வருஷம் பனி ஜாஸ்தி சார்."

போனில் காற்றுத் தரம் காட்டும் ஆப் திறந்தால் எங்கள் ஊருக்கென்று ஓர் எண் வரும், பச்சையிலோ மஞ்சளிலோ. ஆலந்தூர் பேருந்துப் பணிமனையில் இருக்கும் கருவியிலிருந்து ஒப்பேற்றியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். பச்சை என்றால் பயமில்லை என்பதும் ஒரு ஏற்பாடுதான். நுண்தூசிக்கு, அதாவது அந்த 2.5 மைக்ரான் சரக்குக்கு, 24 மணி நேர அளவாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், நம் வரம்பு 60. பச்சைக்குள் வரும் 30, அங்கே இரண்டு மடங்கு.

செய்ய முடிந்ததைச் செய்தேன். மகளின் கட்டிலைச் சாலைப் பக்கத்து அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினோம். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணி. இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குழாயை வைத்துச் சரியாக இழுக்கப் பழக்கினோம். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அம்மா பயந்ததைத் தெளியவைக்க ஒரு மாதம் பிடித்தது. அப்புறம்தான் பள்ளி வாசல் கண்ணில் பட்டது. காலை எட்டேகாலுக்கு ஏழெட்டு வேன்கள், இன்ஜினை அணைக்காமல். அவற்றின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். புகை வரும் உயரமும் அவர்கள் முகமும் ஒரே மட்டம்.

தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். மாடி, பேப்பர், மூன்று அரிசிக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டிரைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு வாரம் வாசல் அமைதியாக இருந்தது, பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்டது. பிறகு மழை பிடித்தது, கண்ணாடி மூடி ஏசி போட்டார்கள், இன்ஜின் மறுபடி ஓட ஆரம்பித்தது. மழை விட்டும் அணைக்கவில்லை. ஒரு டிரைவரிடம் நேராகவே கேட்டேன். "அஞ்சு நிமிஷம்தான சார்" என்றார்.

திங்கட்கிழமை மகளை விடப் போகும்போது மேடத்தை மறுபடி பார்க்க வேண்டும்.