எண்ணெய் அடிக்குமுன் நெல்லின் அடியைப் பார்ப்போம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் குடும்பத்துக்குள்ள நான்கு ஏக்கர் வயல் உன்னிச்சைக் குளத்து நீரில் விளைகிறது. மாரிப்போகத்தில் பயிர் கதிர் வெளிவருமுன் தண்டு பருக்கும் குடலைப் பருவத்தை எட்டும் நாட்களில் யாராவது ஒருவர் அறக்கொட்டிப் பூச்சி விழுந்துவிட்டதென்று சொன்னால், அன்று மாலைக்குள் வட்டை எனும் வயல்வெளி முழுவதும் எண்ணெய் மணக்கத் தொடங்கிவிடும். பீடைநாசினியை எண்ணெய் என்றழைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பழகிய பெயர்தான் அது நஞ்சு என்பதை மறக்கச் செய்கிறதோ என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

கபிலநிறத் தத்தி என்று நூல்கள் கூறும் அறக்கொட்டி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. வரம்பில் நின்று இலைநுனியில் அடிக்கும் மருந்து அதனைச் சென்றடைவதில்லை. மாறாக, அதனைத் தின்னும் சிலந்திகளையே முதலில் கொல்கிறது. இலைமடலுக்குள் இடப்பட்ட முட்டைகள் தப்பிப் பொரிக்கும்போது அவற்றை உண்ண எதிரி இல்லாததால், அடித்த வயலிலேயே பூச்சி முன்னிலும் அதிகமாகப் பெருகுவதுண்டு. எனவே வயலுக்குள் இறங்கிப் பல இடங்களில் பயிரை விலக்கி அடியைப் பார்ப்பதும், வயலில் நிற்கும் நீரைச் சில நாட்கள் வடியவிடுவதும், யூரியாவை அளவோடு இடுவதும், மருந்து தேவைதானா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்பதும் முதல் வேலைகள் என்பேன்.

மருந்தைத் தீர்மானிப்பவர் வயற்காரர். அதன் ஆவியைச் சுவாசிப்பவரோ கூலிக்கு வருபவர். சில போகங்களுக்கு முன்னர் நாங்கள் அழைத்திருந்த அண்ணன் ஒருவர், "தம்பி, இந்த வெயிலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு அடிக்க ஏலாது" என்று சாரத்தோடு மட்டும் இறங்கினார். நானும் தடுக்கவில்லை. முதுகில் சுமந்த தாங்கியின் மூடி கசிந்து மருந்து அவரது தோளில் வழிந்திருக்கிறது; நண்பகலுக்குள் தலைச்சுற்றும் வாந்தியும் வந்துவிட்டன. வைத்தியசாலையில் என்ன மருந்தென்று கேட்டபோது, போத்தல் வயலிலேயே கிடந்ததால் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் குணமடைந்தார் என்றாலும் அந்த அரைநாளை நான் மறக்கவில்லை. மேலில் மருந்து பட்டால் உடுப்பைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நோயாளியோடு லேபலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இப்போது தாங்கியை நிரப்புமுன் கசிவைத் தடுக்கும் வாசர், குழாய் அனைத்தையும் வெறும் நீர் விட்டுச் சோதிக்கிறோம். முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, கையுறை, முகமூடி ஆகியவற்றை நாங்களே வாங்கிக் கொடுக்கிறோம். அளவை லேபலில் உள்ளபடி அளவுகுவளையால் எடுக்கிறோம். போத்தல் மூடியால் அளக்கும் மூடிக் கணக்கும், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கலக்கும் பழக்கமும் எங்கள் வயலில் நின்றுவிட்டன. காற்று அடங்கிய வேளையில் மட்டும், காற்றுக்கு முதுகு காட்டி அடிக்கிறோம். நெல் பூக்கும் முற்பகலில் தவிர்க்கிறோம். லேபல் கூறும் நாட்கள் கழியாமல் அறுவடை செய்வதில்லை.

வடிச்சல் வாய்க்காலில் தாங்கியைக் கழுவுவதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. அந்த நீர் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது. மிகச் சிறிய அளவு பைரெத்ரொயிட் வகைப் பூச்சி மருந்தே இறால்களைக் கொல்லப் போதுமானது. போத்தலை மூன்று முறை அலசி அந்த நீரையும் தாங்கிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடலாம். பின்னர் போத்தலில் ஓட்டையிட்டால் எவரும் அதில் மண்ணெண்ணெயோ குடிநீரோ எடுக்க மாட்டார்கள்.

மிஞ்சிய மருந்து வீட்டுக் கூரையிடுக்கில் இருக்கக் கூடாது. நஞ்சு மிகுந்த சில பீடைநாசினிகள் 1995இல் இலங்கையில் தடைசெய்யப்பட்ட பின்னர் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. மனமுடைந்த ஒரு கணத்தில் நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காத்துவிடும். எங்கள் மருந்துப் பெட்டி வீட்டுக்கு வெளியே பூட்டப்பட்டிருக்கிறது. திறப்பு அம்மாவின் இடுப்பில் இருக்கிறது.