அக்டோபர் வந்தா எங்க ஆட்டுப்பண்ணைல

அமெரிக்கால எங்க வெர்மான்ட் மாநிலத்துல மேப்பிள் மரத்து இலையெல்லாம் செவந்து கொட்ட ஆரம்பிச்சாச்சு. பகல் சுருங்க சுருங்க பெட்டை ஆடுங்களுக்கு பருவம் வந்துடும், அதனால கிடாவோட நெஞ்சுல கலர் க்ரேயான் கட்டி மந்தைக்குள்ள விட்டிருக்கோம், எந்த ஆட்டோட பின்பக்கம் கலர் ஒட்டியிருக்கோ அது இணைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், அன்னிலேர்ந்து சுமார் 147 நாள்ல குட்டி.

வசந்தத்துல வெட்டுன கம்பளிய அலசுறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. நல்ல சூட்டுத் தண்ணில சோப்பு போட்டு சும்மா முக்கி வைக்கணும், கசக்கவே கூடாது, கசக்குனா இழையெல்லாம் பின்னிக்கிட்டு கெட்டியாயிடும், தண்ணி ஆறவும் விடக்கூடாது, ஆறுனா லனோலின்ங்கற ஆட்டு ரோமத்து எண்ணெய்ப் பிசுக்கு திரும்ப கம்பளிலயே ஒட்டிக்கும். பழுப்பு அழுக்கு எறங்கி அந்தச் சுருள் வெள்ளையா தெரியுறப்ப அவ்ளோ சந்தோஷமா இருக்கு!

மூணாவது வாரக்கடைசில நியூயார்க் ரைன்பெக்ல ஆடு, கம்பளித் திருவிழா, இந்தப் பக்கம் இருக்குறவங்க ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.