துயர வீட்டில் ஜெபம்: சந்திப்பு ஊழியத்தின் அனுபவக் குறிப்புகள்

துயரத்தில் இருப்பவர்களின் வீட்டுக்குப் போய் ஜெபிக்கும் சந்திப்பு ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே போய் என்ன சொல்வது?" என்பதுதான். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது நல்ல ஊழியம். யோபு வாய் திறந்து தன் பிறந்த நாளைச் சபித்தான். உடனே அவர்கள் அவன் துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கினார்கள், காரியம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் வரும் தீர்ப்பைப் பலர் கவனிப்பதில்லை. கடவுளுக்காக அத்தனை அதிகாரங்கள் வாதாடிய நண்பர்கள் அவரைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார் கர்த்தர். அவரையே வழக்குக்கு இழுத்த யோபு சரியாகப் பேசினான் என்கிறார். துன்பத்தில் விசுவாசம் ஆழமாவது எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை. தன் வருத்தத்தை மூடிவைக்காமல் கடவுளின் முகத்துக்கு நேரே கொண்டுபோகிறவர்தான் அவரை நெருங்குகிறார். ஊழியரின் வேலை அந்த வழியை மறிக்காமல் இருப்பது.

முதல் சந்திப்புக்குக் கால் மணி நேரம் போதும். நின்றபடி பேசக்கூடாது, அவர்கள் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் நன்றாக இருக்கிறேன்" என்ற பதில்தான் வரும்; சபையில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். "ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வெளியே வரும். ஒரே ஒரு வேதபகுதி, பத்து வசனத்துக்குள். ஜெபம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஜெபத்துக்குள் ஆறுதல் பிரசங்கத்தை நுழைப்பது புதியவர்கள் விடாமல் செய்யும் தவறு. கண்ணை மூடியிருக்கிறவரால் அதற்குப் பதில் சொல்லவும் முடியாது!

எந்தப் பகுதியை வாசிப்பது? அனேகமாக எல்லோரும் 23-ஆம் சங்கீதத்தைத் திறப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, துயரத்தைக் கடவுளிடம் கொட்டும் முறையீடுகள். ஞாயிறு ஆராதனையில் அவற்றை அதிகம் கேட்பதில்லை என்பதால், இப்படியும் ஜெபிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

பழகுவதற்கு 13-ஆம் சங்கீதம் ஏற்றது, ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது: கடவுள் மறந்ததைப் பற்றி, முகத்தை மறைத்ததைப் பற்றி, மனதின் சஞ்சலத்தைப் பற்றி, எதிரியைப் பற்றி. அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம்: பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாட்டும். இதே வரிசையில் சொந்த ஜெபம் ஒன்றை எழுதச் சொல்லலாம். முறையீட்டுக்கு மூன்று வரி, கேட்பதற்கு இரண்டு, நம்பிக்கைக்கு ஒன்று. முறையீட்டு வரிகளில் "என் கஷ்டம்", "இந்தச் சூழ்நிலை" என்று பொதுவாக எழுத விடக்கூடாது. கடன் என்றால் கடன், பயம் என்றால் எதைப் பற்றிய பயம். கேட்பதும் அப்படியே: நாளைய பரிசோதனை முடிவு, இந்த மாத வாடகை. பெயர் சொல்லிக் கேட்காத ஜெபத்துக்குப் பதில் வந்தாலும் அடையாளம் தெரியாது.

நம்பிக்கை வரி வரவில்லையா? காலியாக விடலாம். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறோம். 88-ஆம் சங்கீதம் துதியில் முடியவில்லை, இருளில் முடிகிறது. அப்படியே வேதத்தில் இருக்கிறது, யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவு எழுதிச் சேர்க்கவில்லை. அதன் முதல் வசனம் மட்டும் கடவுளை "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைக்கிறது. அந்த அழைப்பு இருக்கும்வரை அது ஜெபம்தான். ஒருவர் கோபத்தோடு கடவுளிடம் பேசுகிறார் என்றால் கவலைப்பட அதிகமில்லை. பேச்சே நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

சந்திப்பு கெட்டுப்போகும் விதங்கள் சில உண்டு. மறைந்திருக்கும் பாவத்தைத் தோண்டுவது முதலாவது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டதற்கு இயேசு இரண்டையும் ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். அடுத்தது, பொருத்தனை, அதாவது கடவுளுக்குச் செய்யும் நேர்ச்சை. வலியின் உச்சத்தில் பெரிய பொருத்தனை செய்துவிட்டு, பிறகு நிறைவேற்ற முடியாமல் குற்ற உணர்வில் சபைக்கே வராமல் போகிறவர்கள் உண்டு. நோயாளியின் உபவாசமும் அப்படியே. மருந்து சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது, "விசுவாசத்தால்" மருந்தை நிறுத்தவும் கூடாது. யாக்கோபு தன் நிருபத்தில் சபை மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னார்; மருந்தை விடச் சொல்லவில்லை. இன்னொன்று, அவசர சாட்சி. காயம் ஆறுமுன் ஒருவரை மேடையில் ஏற்றினால், அடுத்த மாதம் மீண்டும் உடையும்போது அதைச் சொல்ல அவருக்கு இடமில்லாமல் போகிறது.

தீர்க்கதரிசி எலியாவை விசுவாசக் குறைவுக்கு உதாரணமாகப் பிரசங்கிப்பது எங்களுக்கு ஒப்புதல் இல்லை. சூரைச்செடியின் கீழ் "போதும்" என்று சாவைக் கேட்டவனுக்குக் கடவுள் முதலில் உபதேசம் அனுப்பவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி உணவு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலை சேர்ந்தபின்தான் "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி. ஆகவே பட்டினியும் தூக்கமின்மையும் உள்ள வீட்டுக்குச் சாப்பாடு முதலில், வேதபாடம் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் குலைந்திருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேச்சு வந்தால், நேராகவே கேட்க வேண்டும்: "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். ஜெபம் வழியிலும் செய்யலாம்.

நீண்ட துன்பம் வேறு மாதிரி. முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாம் மாதம் யாரும் இல்லை. உணர்ச்சி வற்றி, ஜெபம் மரத்துப்போகும் கட்டமும் பெரும்பாலும் அப்போதுதான். அப்போது அளவைக் குறைப்பதே வழி: காலையில் ஒரு சங்கீதம், இரவில் கர்த்தருடைய ஜெபம், அவ்வளவுதான். சொந்த வார்த்தை வராதபோது சபையின் வார்த்தையில் சாய்ந்துகொள்ளலாம். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் முறை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். புதிதாக எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று கேட்டதும் பலருக்கு மூச்சு வருகிறது.

கேட்டது கிடைக்காமலே போவதும் உண்டு. அப்போஸ்தலன் பவுல், "மாம்சத்தின் முள்" என்று தான் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டான். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. பார்க்க வந்தவர் இந்த வசனத்தை எடுத்துச் சொன்னால் கல்லாக விழும். பாடுபடுகிறவர் தாமே அங்கு வந்து சேரும்போது அதன் எடை வேறு. அதனால் இதை நாங்கள் கையில் எடுத்துப் போவதில்லை. அவர்கள் கேட்டால் வாசிக்கிறோம்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. மரணமோ பெரிய இழப்போ நடந்த தேதியைச் சந்திப்புப் பதிவேட்டில் குறித்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், முதல் ஆண்டு நிறைவு ஆகிய மூன்றுக்கும் யார் போவது என்று அன்றைக்கே பெயர் எழுதிவிடுங்கள். "யாராவது போய்ப் பாருங்கள்" என்று அறிவித்தால் யாரும் போவதில்லை. போகிறவர் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்க வேண்டாம். குடும்பம் அதற்காகத்தான் காத்திருக்கும்.